மதில்மேல் வைத்த அமாவாசைச் சோறு

ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் அணில் ஒன்றும் காகம் ஒன்றும் இருந்தன. அணில் கிடைத்ததைத் தின்னும். காகம் அப்படியில்லை. அந்த வீட்டுத் தமயந்தி தினமும் மத்தியானம் முதல் பிடிச் சோற்றை மதில்மேல் வைத்து, "கா... கா..." என்று கூப்பிடுவாள். காகம் வந்து கொத்திய பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுவார்கள்.

"இந்த வீட்டுக்கே நான்தான் பெரியவன்!" என்று காகம் பீற்றிக்கொள்ளும்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை. முருங்கை மரத்தில் ஒரு கதிர்க்குருவி வந்து இறங்கியது. கட்டைவிரல் பெரிசுதான் இருக்கும். இமயமலைப் பக்கமிருந்து வந்திருந்தது. ஒரு நொடி சும்மா இருக்காமல் இலைக்கு இலை தாவிப் பூச்சி பிடித்தது.

வீடே கொல்லைப்புறத்தில் கூடிவிட்டது. மகள் இதழினி பைனாகுலரோடு ஓடிவந்தாள். அப்பா ஞானசேகர் வாயில் பிரஷ்ஷோடு நின்றார். தமயந்தி அடுப்பை மறந்தாள். பால் பொங்கி வழிந்தது.

"அப்பா, அந்தக் கிளை! இல்லப்பா, மேலே! அய்யோ, போயிடுச்சு!"

காகத்துக்கு வயிறு எரிந்தது. "ஆறு வருஷமா இங்கே உட்கார்றேன். என்னை ஒருத்தராவது பைனாகுலர் வெச்சுப் பார்த்திருக்காங்களா?"

"உன்னைப் பார்க்க அது எதுக்கு அண்ணே? நீ வாயைத் திறந்தா தெருவுக்கே தெரியுமே!" என்றது அணில்.

காகம் நேராகக் குருவியிடம் போனது. "ஏய் பொடியா! ஊரை விட்டு வந்தா இவ்வளவு மரியாதையா?"

"மரியாதையா? எங்க ஊர்ல பனி விழுந்தா ஒரு பூச்சி கிடைக்காது அண்ணே. பசிக்குப் பயந்து ஓடி வந்தேன். கூப்பிட்டுச் சோறு போட ஒரு வீடு இருந்தா, நான் ஏன் இவ்வளவு தூரம் பறக்கறேன்?"

நல்ல பேச்சுத்தான். காகத்தின் காதில் ஏறினால்தானே!

"ஆடிக்கு ஒரு தரம், அமாவாசைக்கு ஒரு தரம் வந்தாத்தான் மதிப்பு!" என்று அது முடிவு கட்டியது. "நாளைக்கு அமாவாசை. நான் வாய் வைக்காம அங்கே யாரும் சாப்பிட முடியாது. நல்லாத் தவிக்கட்டும்!"

மறுநாள் மதில்மேல் வாழையிலைத் துண்டில் பருப்புச் சோறு, அதன்மேல் ஒரு வடை. காலையிலிருந்து விரதமிருந்த ஞானசேகர், "கா... கா..." என்று தொண்டை வறளக் கூப்பிட்டார். காகம் பக்கத்து மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து ரசித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, பசிக்குது!" என்றாள் இதழினி.

"அண்ணே, பாவம், போய்ச் சாப்பிடேன். வடை ஆறுது!" என்று அணில் கெஞ்சியது.

"இன்னும் கொஞ்சம் கூப்பிடட்டும்!"

கூப்பிட்ட குரல் மீன் மார்க்கெட்வரை கேட்டதோ என்னவோ, அங்கிருந்து ஒரு நோஞ்சான் காகம் வந்து மதிலில் இறங்கியது. ஒரே கொத்து. வடை போயே போச்சு!

"காக்கா சாப்பிட்டாச்சு!" என்று இதழினி கைதட்டினாள். எல்லோரும் நிம்மதியாக உள்ளே சாப்பிடப் போனார்கள். வேறு காகம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

நம் காகம் அலறிக்கொண்டு பாய்ந்து வந்தது. "ஏய், அது என் சோறு!"

"அப்படியா? அரை மணி நேரமாக் கூப்பிட்டாங்களே, எங்கே போயிருந்தே?" என்று கேட்ட நோஞ்சான், சொந்தக்காரர்களுக்குக் குரல் கொடுத்தது. மூன்று காகங்கள் வந்து சேர்ந்தன. ஒன்றுக்கு நான்கு! சண்டை போட முடியுமா?

அடுத்த நாள் மத்தியானம் மதிலில் ஐந்து காகங்கள். சோற்றுக்கு முன்னால் நோஞ்சான், கடைசியில் நம் காகம். என்னை அடையாளம் தெரிந்து அழைப்பார்கள் என்று அது கழுத்தை நீட்டி நீட்டிக் காட்டியது.

இதழினி எட்டிப் பார்த்தாள். நோஞ்சானைக் கைகாட்டி, "அம்மா, நம்ம காக்கா அதோட சொந்தக்காரங்களையெல்லாம் கூட்டிட்டு வந்திருக்கு!" என்று கத்தினாள்.

காகத்துக்கு அழுகையே வந்துவிட்டது. மற்றவை தின்று முடித்த பிறகு, இலையில் ஒட்டியிருந்த நான்கு பருக்கைகளைக் கொத்தியது.

விருந்தாளியைப் பார்த்துப் பொறாமைப்பட்டு வீம்புக்கு எழுந்து போனால், நம் இடம் நமக்காகக் காத்திருக்காது.