கமுதி வண்டி

"அம்மா, பாட்டா, சோறா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லிப்புடுங்க."

"சோறு" என்றார் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற நாயகியம்மாள்.

மங்களநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டு என்று சொல்வார், அதைக் கொண்டுபோய், வேலைக்குப் போகச் சொல்லும் பெண்டாட்டி முன்னால் வைக்கலாம் என்று நினைத்து வந்த மனுசன் அவன்.

"ஒன்பது வருசமா உங்ககிட்டப் பாட்டுக் கத்துக்கிறேன்மா."

"ஒன்பது வருசமா உங்க வீட்டுல யாரு சம்பாதிக்கிறா?"

"அவதான். தையல் மிஷின்."

"போயி ஒரு வேலையைப் பாருங்க. வேலை கிடைச்ச பிறகு பாடத்துக்கு வாங்க. பங்குனித் திருவிழாவுல உங்களுக்குன்னு ஒரு மணி நேரம் கேட்டு வெச்சிருக்கேன். அன்னைக்கு நீங்க வேலையில இருந்தா மேடை. இல்லாட்டி இல்லை."

அவ்வளவுதான். கதவைச் சாத்தவில்லை, ஆனால் பேச்சு முடிந்துவிட்டது.

அந்த அம்மாளைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். முப்பத்திரண்டு வயசு. சீடப்பிள்ளையைவிட ஆறு வயசு இளையவர். பகலெல்லாம் பரமக்குடி மிளகாய் மண்டியில் உட்கார்ந்து வத்தல் தரம் பிரிப்பார், வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு. சாயங்காலம் துணியை அவிழ்த்து, முகம் கழுவி, தம்புராவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தால்... அடேயப்பா! தெருவில் போகிறவன் செருப்புச் சத்தம் கேட்கக்கூடாதென்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பான். அப்படியொரு தொண்டை.

மங்களநாதனுக்கு வேலை கிடைத்தது. பஸ் ஸ்டாண்டில், ஒரு தனியார் வண்டிக்கு ஆள் கூப்பிடுகிற வேலை. குரல்தானே வேண்டும்? குரல் நம்மிடம் இல்லாமலா என்று போய் நின்றான்.

முதல் நாள். கமுதி வண்டி வந்து நின்றது.

மங்களநாதன் கண்ணை மூடினான். ஊர்ப்பெயரைக் கல்யாணி ராகத்தில் எடுத்தான். 'க'விலே ஒரு சுற்று, 'மு'விலே இரண்டு சுற்று, 'தி'யிலே மேலே ஏறிப்போய் அங்கேயே வீடு கட்டிக் குடியிருந்தான்.

சனம் கூடிவிட்டது. டீ மாஸ்டர் கிளாசைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். சுமையோடு வந்தவர்கள் சுமையை இறக்கி வைத்துக் கேட்டார்கள்.

டிரைவர் ஆரன் அடித்துப் பார்த்தார். பிறகு நாலே நாலு பேரோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மேனேஜர் ஓடி வந்தார். "யோவ்! ஆளைக் கூப்பிடச் சொன்னா ஆளை நிக்க வெச்சிட்டியேய்யா! பாட்டுக் கேட்டவன்ல பாதிப்பேரு கமுதிக்குப் போறவன்யா!"

மங்களநாதனுக்கு அந்தத் திட்டுகூடச் சந்தோசமாகத்தான் இருந்தது. சாயங்காலம் அம்மாள் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தான்.

"அம்மா, சனம் அசையலைம்மா! அப்படியே நின்னுருச்சு!"

"எத்தனை பேர் வண்டியில ஏறினாங்க?"

"நாலு பேரு."

"நீங்க இங்க பாடுறதும் அப்படித்தான்" என்றார் நாயகியம்மாள். "நாளைக்குப் போங்க."

அவனுக்கு முகம் செத்துவிட்டது.

இரண்டாம் நாள் ராகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போனான். மற்றவர்களைப் போலவே கத்தினான். "கமுதிகமுதிகமுதிகமுதி!" மத்தியானத்துக்குள் தொண்டை கட்டிப்போனது. ஒரு ஆள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "நாளைக்கு ஒருநாள் பார்ப்பேன்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அழாத குறைதான்.

"அம்மா, ஒரே புழுதி, ஒரே டீசல் புகை. பாடுற தொண்டைக்கு இது ஆகுமாம்மா?"

நாயகியம்மாள் அப்போதுதான் மண்டியிலிருந்து வந்திருந்தார். முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, அவன் பக்கமாக ஒரு உதறு உதறினார்.

மங்களநாதன் தும்மினான். தும்மினான், தும்மினான், பதினோரு தும்மல். கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர்.

அம்மாள் தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, தம்புராவை எடுத்துப் பாட உட்கார்ந்தார். அந்தக் குரலில் ஒரு பிசிறு கிடையாது.

அதற்குப் பிறகு அவன் புழுதியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள். ஒரு பிள்ளைக்காரி அவனிடம் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, காய்ச்சலில் வாடிக் கிடந்தது.

"அண்ணே, கமுதி வண்டி வந்தா ஒரு குரல் குடுங்கண்ணே. எனக்குப் போர்டு வாசிக்கத் தெரியாது. இப்பவே ரெண்டு வண்டியை விட்டுட்டேன்."

"நான் சொல்றேன் தாயி, போய் நிழல்ல இரு."

அவள் எதிர்க்கோடியில் தண்ணீர்க் குழாயடிக்குப் போய், முந்தானையை நனைத்துப் பிள்ளையின் நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றாள். முதுகு இந்தப் பக்கம்.

கமுதி வண்டி வந்தது. இரண்டு நிமிசம்தான் நிற்கும். நடுவில் நாலு வண்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. ஓடிப்போய்ச் சொல்ல வழியில்லை.

மங்களநாதன் கண்ணை மூடவில்லை. அவளையே பார்த்தான். கல்யாணி நினைவில் இல்லை, தொண்டை நினைவில் இல்லை, மேனேஜரும் நினைவில் இல்லை.

"கமுதி!"

ஒரே தடவை. நீட்டவில்லை, கத்தவும் இல்லை. வயிற்றிலிருந்து வந்தது, மூன்று எழுத்தும் முழுசாகப் போனது.

அவள் சட்டென்று திரும்பினாள். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்து ஏறினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் முப்பது பேர் ஏறினார்கள். அவர்களைக் கூப்பிட்டதாக அவனுக்கு நினைவே இல்லை.

மங்களநாதன் வண்டியின் பக்கத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். "ரைட், போலாம்!"



சாயங்காலம் நடந்ததை நடந்தபடியே சொன்னான். நாயகியம்மாள் முதலில் பிள்ளையைத்தான் விசாரித்தார்.

"பிள்ளைக்கு எப்படி இருக்காம்?"

"தெரியலைம்மா. ஏறிட்டா. அவ முகம் தெளிஞ்சிருந்துச்சு."

அம்மாள் பாயை விரித்தார். "உக்காருங்க. பாடம் ஆரம்பிப்போம்."

"அப்போ ஒன்பது வருசமாப் படிச்சது?"

"உக்காருங்கன்னேன்ல."

பங்குனி வந்தது. மேனேஜர் மதியத்துக்கு மேல் லீவு கொடுத்தார். மங்களநாதன் காக்கிச் சட்டையை மாற்றிக்கொண்டு நேராகக் கோயில் மேடைக்குப் போனான். பின்னால் தம்புரா போட உட்கார்ந்தவர் யார் என்கிறீர்கள்? சாட்சாத் நாயகியம்மாளேதான். மேடையை ஒட்டி நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

எதிரே திருவிழாக் கூட்டம். ராட்டினச் சத்தம், பலூன் சத்தம், பிள்ளைகள் சத்தம். பாட்டுக் கேட்கிற முகமாக ஒன்றுகூட இல்லை.

மங்களநாதன் கண்ணை மூடவில்லை. கூட்டத்தைத் துழாவினான். கடைசியில், வெகுதூரத்தில், ஒரு கடலைக்காரி முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பில் கடலை வறுத்துக்கொண்டிருந்தாள்.

அவளைப் பார்த்துக்கொண்டே முதல் சொல்லை எடுத்தான்.

கடலைக்காரியின் கரண்டி நின்றது. அவள் திரும்பினாள்.

பின்னாலிருந்து மேடைப் பலகையில் இரண்டு தட்டுக் கேட்டது.

"ரைட்" என்றார் நாயகியம்மாள். "போலாம்."