நேற்றைய காய்ச்சல்

“அவளை பஸ் ஸ்டாப்பிலேயே திருப்பி அனுப்பிடுங்க அம்மா” என்றார் வீரபத்திரன்.

“யாரை?”

“என் மகளை. மத்தியான பஸ்ஸுல வர்றாளாம்.”

தவமணி அம்மா நிமிர்ந்து பார்த்தார். அந்த மலை ஆசிரமத்தின் குரு அவர். வயது நாற்பது, முன்பு நர்ஸாக இருந்தவர். சீடர் வீரபத்திரனுக்கு அறுபத்திரண்டு. எட்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு கோபத்தில், மகளைக் கைநீட்டி அடித்து வீட்டைவிட்டுத் துரத்தியவர்.

“பார்க்க ஆசை இல்லையா, ஐயா?”

“இருக்கு. ஆனா நான் அதே ஆள்தான் அம்மா. அந்தக் கொதிப்பு உள்ளே அப்படியே இருக்கு. திரும்பவும் அவளை நோகடிச்சிடுவேன்.”

அம்மா தெர்மாமீட்டரை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“சன்னாசிக்குக் காய்ச்சல் எவ்வளவுன்னு பார்த்துட்டு வாங்க.”

தோட்டக்காரர் சன்னாசி நான்கு நாளாகப் படுத்திருந்தார். வீரபத்திரன் தெர்மாமீட்டரை அவர் நாக்குக்கடியில் வைத்தார். எடுத்துப் பார்த்தவர் ஓடிவந்தார்.

“நூற்று நாலு அம்மா! நேத்து சாயங்காலம் இருந்த அதே அளவு. இறங்கவே இல்லை. ஜீப்புக்குச் சொல்லவா?”

அம்மா எழுந்து போனார். சன்னாசியின் நெற்றி வேர்த்துச் சில்லென்றிருந்தது.

“கொஞ்சம் கஞ்சி கிடைக்குமா தாயி?” என்றார் சன்னாசி.

அம்மா சீடரிடம் திரும்பினார். “நேத்து பார்த்ததுக்கப்புறம் இதை உதறினீங்களா, ஐயா?”

“இல்லையே.”

“சூடு பட்டா பாதரசம் விரிஞ்சு குழாய்ல ஏறும். அப்புறம் சூடு தணிஞ்சாலும் தானா இறங்காது. அடியில ஒரு குறுகல் இருக்கு, அது விடாது. நாமதான் உதறணும்.”

வீரபத்திரன் உதறினார். ஒரு முறை. இன்னொரு முறை, வேகமாக. பாதரசம் அடிக்கு இறங்கியது. மறுபடி வைத்துவிட்டு, மூன்று நிமிடம் அசையாமல் நின்றார்.

தொண்ணூற்றெட்டரை.

வீரபத்திரன் அந்த வெள்ளி இழையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கி, எண்கள் மங்கின.

கீழே வளைவில் பஸ் ஹாரன் கேட்டது.

“அம்மா… அவ முகத்தைப் பார்த்ததும் எனக்குள்ள மறுபடி ஏறிடுச்சுன்னா?”

“பார்க்காம எப்படிச் சொல்றது?” என்றார் அம்மா. “செருப்பை மாட்டிக்கிட்டு ஓடுங்க. பஸ் அங்க ரெண்டு நிமிஷந்தான் நிக்கும்.”