காவல் குடிலில் இருந்த இரண்டாவது ஆள்

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். எடிட்டர் ஃப்ளோராவுக்கு வயது நாற்பத்து மூன்று. சாலிகிராமத்தில் ஒரு எடிட்டிங் ரூமும், தீராத கழுத்து வலியும் உண்டு. சீடர் பூவராகனுக்கு ஐம்பத்தொன்று. மின்வாரிய வேலையை விட்டுவிட்டு வந்து, ஏழு வருடம் ஃப்ளோராவின் பக்கத்தில் உட்கார்ந்து சினிமா கற்றுக்கொண்டவர்.

அவருடைய முதல் படம் 'நீர்மத்தி' அன்று காலைதான் வெளியானது. அடர்ந்த காட்டில், தனிக் குடிலில், நாற்பது நாள் காவல் இருக்கும் ஒரு வனக் காவலர். பன்னிரண்டாம் நாள் இன்னொருவன் வந்து அவரோடு தங்குகிறான். நாற்பதாம் நாள் ஜீப் வரும்போது குடிலில் காவலர் மட்டும் இருக்கிறார். அவ்வளவுதான் கதை.

மதியம், செருப்பைக்கூடக் கழற்றாமல் பூவராகன் எடிட்டிங் ரூமுக்குள் ஓடி வந்தார்.

"மேடம்! மூணு விமர்சனம் வந்துடுச்சு. மூணும் ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்குது!"

"படிங்க."

"முதல் ஆள் சொல்றார், வந்தவன் வெறும் பிரமையாம். தனிமை ஒருத்தன் புத்தியை எப்படிக் கலைக்கும்னு இதுவரைக்கும் யாரும் இப்படிக் காட்டினதில்லையாம். ரெண்டாவது விமர்சனத்துல அவன் நிஜமான ஆளாம். காவலர்தான் அவனை ஆத்துல தள்ளிட்டாராம். அவரும் பாராட்டி அஞ்சுக்கு நாலரை மார்க் போட்டிருக்கார்!"

"மூணாவது?"

பூவராகனின் குரல் இறங்கியது. "'மரங்கள் நன்றாக நடித்திருக்கின்றன. வந்தவன் யார் என்பது இயக்குநருக்கே தெரியவில்லை.'"

ஃப்ளோரா வாய்விட்டுச் சிரித்தார். பூவராகனுக்குச் சிரிப்பு வரவில்லை. தயாரிப்பாளர் படித்திருந்தது அந்த மூன்றாவதைத்தான். கடைசிக் காட்சியில் ஒரு வரி பின்னணிக் குரல் சேர்த்து விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட வேண்டும். நாலு மணிக்குள் அனுப்பினால் நாளைக் காலைக் காட்சியிலிருந்து எல்லாத் தியேட்டரிலும் புதுப் பிரதி ஓடும். இது அவருடைய உத்தரவு.

பூவராகன் இரண்டு வரிகள் எழுதி வந்திருந்தார். ஒன்று: 'அவன் என் மூளையின் நோய்.' இன்னொன்று: 'அவன் இருந்தான், நான்தான் கொன்றேன்.'

"எதைச் சேர்க்கலாம், நீங்க சொல்லுங்க மேடம். அவன் இருந்தானா, இல்லையா?"

குரு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"பின்னால உக்காருங்க சார். காலைக் காட்சி விடற நேரம்."

தியேட்டர் வாசல் சந்தைக்கடை மாதிரி இருந்தது. படம் முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. படிக்கட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இருந்தான்டா!"

"இல்லடா!"

ஒரு கணவனும் மனைவியும் ஆட்டோவை நிறுத்திவிட்டு, அதில் ஏறாமல் சண்டை போட்டார்கள். ஆட்டோக்காரர் முழுக் கதையையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லத் தயாரானார். பூவராகனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன் படத்துக்காக இத்தனை பேர் தொண்டை கிழியக் கத்துவார்கள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

யூடியூப் சேனல் பெண் ஒருத்தி அவர் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டினாள். இவர்தான் இயக்குநர் என்பது அவளுக்குத் தெரியாது.

"படம் எப்படி சார்?"

"அந்த ரெண்டாவது ஆள் உண்மையில..."

"கொஞ்சம் இருங்க சார், நான் சொல்றேன்." செக்யூரிட்டி உடுப்பில் இருந்த ஒருவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "என் பேரு மாசிலாமணி. ஏடிஎம் வாசல்ல செக்யூரிட்டி. பன்னெண்டு மணி நேர டியூட்டி, பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. ஆனா என்கூட ஒருத்தன் இருக்கான். பேரு குணசேகர். கொஞ்சம் வாயாடி."

கூட்டம் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

"சிரிங்க, பரவாயில்ல. ஆறு வருஷமா இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. பைத்தியம்னு வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கன்னு பயம். இன்னிக்கு அந்தக் காவலர் பெஞ்சுல தள்ளி உக்காந்து அவனுக்கு இடம் விட்டார் பாருங்க, எந்திரிச்சு நின்னு விசில் அடிச்சேன்! நானும் படியில அப்படித்தாங்க தள்ளி உக்காருவேன்!"

"அப்ப அவன் நிஜமா, பிரமையா?" என்றாள் அந்தப் பெண்.

"அதைக் கேக்கணும்னே எனக்குத் தோணலியேம்மா." மாசிலாமணியின் கண் பளபளத்தது. "நாளைக்கு இதே காட்சிக்கு என் சம்சாரத்தைக் கூட்டிட்டு வரேன். குணசேகரைப் பத்தி அவகிட்ட இன்னும் சொல்லல. படத்தைக் காட்டிட்டுத்தான் சொல்லணும்."

பூவராகனின் சட்டைப் பையில் போன் அடித்தது. தயாரிப்பாளர். எடுக்காமல் குருவைப் பார்த்தார்.

"எந்த வரி மேடம்?"

"உங்க படம், உங்க இஷ்டம்," என்றார் ஃப்ளோரா. "அதோ, மாசிலாமணி வண்டி எடுக்கப் போறார். ரெண்டுல உங்களுக்குப் பிடிச்ச வரியை அவருக்குப் படிச்சுக் காட்டிட்டு வாங்க. சேர்த்துடறேன்."