துட்டி கேட்க வந்தவர்கள்

"என் பிள்ளைக்கு ஒரு கயிறு மந்திரிச்சுத் தரணும்மா."

மடத்துத் திண்ணையில் மடத்தம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

வந்தவள் பெயர் இசக்கியம்மாள். அவள் முந்தானை நுனி, கூட வந்த சின்னப் பெண்ணின் மணிக்கட்டில் முடிச்சிடப்பட்டிருந்தது.

"பிள்ளையை ஏன் கட்டி வச்சிருக்க?"

"கண்ணுக்கு மறைஞ்சா நெஞ்சு பதறுதும்மா. தூங்கும்போதுகூட மூக்குகிட்ட விரல் வச்சுப் பாக்குறேன்."

"எதுக்கு இவ்வளவு பயம்?"

"அவ அப்பா போன மாதிரி இவளும் ஒரு நாள் போயிருவாளோன்னு. அந்த ரத்தந்தானேன்னு எங்க தெருவுல பேசுறாங்க."

"அவ அப்பாவுக்கு என்ன?"

"நெஞ்சு வலி."

"நெஞ்சு வலிக்கா தெரு அப்படிப் பேசுது?"

இசக்கியம்மாள் தரையைப் பார்த்தாள். பூண்டுத் தோல் காற்றில் பறந்தது. பிள்ளை அதைப் பிடிக்கப் போய், முந்தானை இழுத்து நின்றது.

"அவரே தன் உயிரைப் போக்கிக்கிட்டாரும்மா."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அதுவரை அந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மடத்தம்மா கையில் இருந்த பூண்டைக் கீழே வைத்தார்.

"அன்னைக்குக் காலையில நான் அவரைச் சிடுசிடுன்னு பேசிட்டேன். அதனாலயாம்மா?"

"தெரியாது."

"உங்களுக்கே தெரியாதா?"

"அவருக்கே முழுசாத் தெரிஞ்சிருக்குமோ என்னவோ."

இசக்கியம்மாளுக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் நடந்து வந்தது இதற்கா?

மடத்தம்மா அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

"உனக்கும் அப்படிப் போயிரலாம்னு தோணுதா?"

இசக்கியம்மாள் பிள்ளையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தோணுது."

"யார்கிட்டச் சொன்ன?"

"யாரும் கேக்கலையேம்மா."

மடத்தம்மா எழுந்தார். அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"தெய்வானை, உலையை இறக்கு. துட்டி கேக்கப் போகணும்."

"அரிசி போடப் போறேனேம்மா! யாரு தவறிட்டாங்க?"

"இவ வீட்டுக்காரர்."

"அய்யோ, எப்போ?"

"தையில."

"இப்ப ஆவணிம்மா!"

"ஆமா, ரொம்பப் பிந்திட்டோம். வெரசா வா."

மடத்தம்மாவோடு தெய்வானையும் பிச்சம்மாவும் இன்னும் சில சிஷ்யைகளும் கிளம்பினார்கள். இசக்கியம்மாளின் தெருமுனை வந்ததும் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, வாய்விட்டு அழுதுகொண்டே நடந்தார்கள். துட்டி வீட்டுக்கு அப்படித்தான் போக வேண்டும். பட்டப்பகல். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. இசக்கியம்மாளுக்குக் கூச்சத்தில் கால் பின்னியது.

வீட்டு வாசலில், பழக்க தோஷத்தில் "வாங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். துட்டி வீட்டில் வருகிறவர்களை 'வாங்க' என்று கூப்பிடக் கூடாது. கிளம்புகிறவர்களும் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லக் கூடாது.

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளை நடுவில் உட்கார வைத்து, தோளோடு தோள் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதார்கள். தை மாதத்தில் வராத அழுகை அவளுக்கு இப்போது வந்தது.

அழுது ஓய்ந்தபோது தெய்வானை மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்.

"எங்க அண்ணனும் இப்படித்தான் போனான். நான் வருஷக்கணக்கா பாம்பு கடிச்சதுன்னு சொல்லிட்டுத் திரியுறேன்."

பிச்சம்மா திரும்பிப் பார்த்தாள்.

"பாம்பா? என்கிட்ட இடி விழுந்துச்சுன்னயேடி!"

"நீ மழை நேரத்துல கேட்ட."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. இசக்கியம்மாளும் சிரித்தாள். சிரித்ததற்குப் பயந்து மறுபடி அழுதாள். தெய்வானை அவளை விடவில்லை.

"அது உன்னால இல்லன்னு யாராவது சொன்னா நம்புவியா?"

"மாட்டேன்."

"நானும் நம்பல. ஆனா யாராவது சொல்லிக்கிட்டே இருக்கணும்போல இருந்துச்சு."

வாசலில் நிழல் தட்டியது. எதிர்வீட்டு வேலம்மா, கையில் ஒரு தூக்குவாளியோடு நின்றிருந்தாள். தையில் கதவைச் சாத்திக்கொண்டவள்.

"என்ன கேக்குறதுன்னு தெரியல இசக்கி. அதான் அப்ப வரல."

"ஏன்னு மட்டும் கேக்காதீங்கக்கா. எனக்கே தெரியாது."

"கேக்கல. ரசஞ்சோறு கொண்டாந்திருக்கேன். சூடாறுறதுக்குள்ள சாப்பிடு."

இசக்கியம்மாள் கையை நீட்டினாள். முந்தானை லேசாக இருந்தது. முடிச்சு எப்போதோ அவிழ்ந்திருந்தது.

"பிள்ளை? எம் பிள்ளை எங்க?"

தட்டுத்தடுமாறி வாசலுக்கு ஓடினாள்.

எதிர்வீட்டு முற்றத்தில் பிள்ளை நின்றது. வேலம்மாவின் ஆட்டை விரல் நீட்டி அதட்டிக்கொண்டிருந்தது. "இலையத் தின்னு. தின்னாத்தான் விடுவேன்."

இசக்கியம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் இறங்கவில்லை.

வேலம்மா அவள் கையில் சோற்றை உருட்டி வைத்தாள்.

பொழுது சாயும் முன்பே ஒவ்வொருவராக எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் நடந்தார்கள். தெய்வானை மட்டும் போகவில்லை. பாயைத் தேடி எடுத்து விரித்துக்கொண்டிருந்தாள். கடைசியாக மடத்தம்மா படியிறங்கினார்.

"அம்மா, கயிறு?"

அவரும் சொல்லாமலே போனார்.

இசக்கியம்மாள் படியிலேயே நின்றாள். இன்றைக்கு வந்தார்கள். சரி. நாளைக்கு? நாளை மறுநாளைக்கு?

தெருமுனையில் மடத்தம்மா நின்றார். திரும்பினார். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திச் சொன்னார்.

"இசக்கி, போயிட்டு வர்றேன்!"

வாசல்களில் நின்றவர்கள் திகைத்துப் பார்த்தார்கள். துட்டி வீட்டைப் பார்த்து யாராவது அப்படிச் சொல்வார்களா?

இசக்கியம்மாள் வாயில் இருந்த சோற்றை விழுங்கினாள்.

"வாங்க."

பக்கத்தில் நின்ற வேலம்மாவுக்கே அது கேட்கவில்லை. இசக்கியம்மாள் தெருவில் இறங்கினாள்.

"வாங்கம்மா!"