புக்கரெஸ்டைத் தின்று தீர்த்த கிட்டுசாமி

எங்கள் பனியன் கம்பெனியில் கிட்டுசாமி அண்ணன் வாயைத் திறந்தால், கட்டிங் மாஸ்டர் துரைக்கண்ணு காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவார். இனி அரை மணி நேரத்துக்கு வேலை நடக்காது என்று அர்த்தம்.

அன்றைக்கு அவர் வாயைத் திறந்த இடம் முதலாளி அறை. விஷயமும் சின்ன விஷயமில்லை. ருமேனியாவில் புக்கரெஸ்ட் நகரத்திலிருந்து எங்களிடம் பனியன் வாங்குகிற ஒரு பையர் அம்மா எழுதியிருந்தார். சாம்பிள்களோடு ஒருவர் நேரில் வரவேண்டும். இரண்டு நாள் இரவுச் சாப்பாட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடலாம். முதல் நாள் அந்த ஊர்ப் பழைய முறைச் சாப்பாடு, மறுநாள் புதுமாதிரிச் சாப்பாடு. கடையை வருகிறவரே தேர்ந்தெடுக்கட்டும், உங்கள் ரசனையைப் பார்க்கிறேன் என்று கடைசி வரியில் ஒரு கொக்கி.

முதலாளி பொங்கியண்ணன் அந்தக் கொக்கியில் மாட்டிக்கொண்டு தவித்தார். போன வருடம் வேறொரு நாட்டுக்குப் போன ஆள், பையரை ஒரு இந்தியன் ஹோட்டலுக்குக் கூட்டிப் போய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தான். பையர் பரோட்டாவைச் சாப்பிட்டார், ஆர்டரை வங்காளதேசத்துக்குக் கொடுத்தார்.

"அதனால இந்தத் தடவ அந்த ஊர்ச் சாப்பாடு தெரிஞ்ச ஆளுதான் போகோணும்," என்றார் முதலாளி.

வெளிநாட்டுப் பையர்களோடு பேசி ஆர்டர் பிடிக்கிற மெர்ச்சண்டைசர்கள் கம்பெனியில் இப்போது இரண்டே பேர். ஒன்று கிட்டுசாமி அண்ணன், இன்னொன்று தமயந்தி என்கிற நான். அந்தப் பையர் அம்மா என் பையர். ஆறு வருடமாக மெயிலிலேயே அவரோடு குடும்பம் நடத்துகிறேன். என் பாஸ்போர்ட்டில் ஒரு சீல்கூடக் கிடையாது. போகவேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பதை இப்போது சொல்வதில் வெட்கமில்லை. "சார், நான்..." என்று தொடங்குவதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"புக்கரெஸ்டுங்களா? அது நம்ம பல்லடம் மாதிரிங்க எனக்கு. பழைய கம்பெனில இருந்தப்ப போயிருக்கனுங்க. கண்ணைக் கட்டி விட்டாக்கூட மூக்கை வெச்சே கடையக் கண்டுபுடிப்பேன்."

"பாஸ்போர்ட்டக் காட்டு, சீலு இருக்குதான்னு பாக்கலாம்," என்றார் அங்கே நின்றிருந்த துரைக்கண்ணு மாஸ்டர்.

"எங்கீங்க மாஸ்டர்! அங்க குடல்ல ஒரு சூப்பு வெப்பாங்க, சோர்பான்னு பேரு. புளிப்புன்னா உங்கூட்டுப் புளிப்பு எங்கூட்டுப் புளிப்பு இல்லீங்க. சட்டைப் பையில இருந்து பாஸ்போர்ட்டு உள்ள விழுந்துச்சு. கரண்டி போடறதுக்குள்ள கரைஞ்சு போச்சு. கவர்மெண்டுச் சொத்தாச்சேன்னு ஒரு சொட்டு விடாம குடிச்சுட்டனுங்க."

முதலாளி சிரிக்கவில்லை. அவருக்குச் சாப்பாட்டுப் பேச்சு என்றால் நாற்காலி முன்னால் நகரும். நகர்ந்தது.

"பழைய மொறைச் சாப்பாட்டுக்கு எங்க போவ?"

"பழைய டவுனுக்குள்ள கல்லு பாவுன சந்து ஒண்ணு. அந்தக் காலத்துல வண்டிக்காரங்க தங்குன சத்திரம், இப்ப ஓட்டலு. போய் உக்காந்தா மொதல்ல களிங்க. மக்காச்சோளக் களி, மமாலிகான்னு சொல்லுவாங்க. நம்மளாட்ட உருண்டை புடிக்கறதில்ல. பலகை மேல அப்பிடியே கவுத்துருவாங்க. கத்தி வெக்க மாட்டாங்க. நூலாலதான் அறுப்பாங்க."

"களிய நூலால அறுக்கறாங்களா!" மாஸ்டர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "கத்திக்குப் பஞ்சமா அந்த ஊர்ல?"

"நூலுதானுங்க. நான் போன அன்னைக்குக் களி, நம்ம கம்பெனி காம்பவுண்டு ஒசரம். நாலு பேரு ஏணி போட்டு ஏறி நூலை இழுக்கறாங்க, பட்டுனு அறுந்துருச்சு. வேற நூலு, அதுவும் போச்சு. சமையக்காரன் தலையில கைய வெச்சுட்டான். ஓட்டல் பூரா பசியில உக்காந்திருக்குது. நான் என்ற பனியன் ஓரத்துல ஒரு நூலப் புடிச்சு இழுத்தனுங்க. நாப்பதாம் நம்பர் நூலு. களி வெண்ணெயாட்டப் பொளந்துச்சு. எல்லாருக்கும் அறுத்துப் போட்டு முடிச்சுக் குனிஞ்சு பாத்தா, என்ற மேல கழுத்துப் பட்டி மட்டுந்தான் இருக்குது."

"நம்ம கம்பெனிப் பனியனா?" என்றார் முதலாளி.

"வேற கம்பெனியா இருந்தா மொதத் தட்டுக்கே அறுந்திருக்குமுங்க."

முதலாளி முகத்தில் பல்பு எரிந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அண்ணன் பழைய கம்பெனியில் இருந்தபோது எங்கள் பனியனை எதற்குப் போட்டார் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் பூண்டுக்குப் போய்விட்டார்.

"அந்தச் சூப்புக்குப் பூண்டு அரைச்சுக் கலக்குவாங்க. நான் ஒரு கை கூடப் போட்டுக்கிட்டனுங்க. குடிச்சுட்டு வெளிய வந்து ஒரு ஏப்பம் விட்டேன். அந்த நாட்டுல ரத்தம் குடிக்கிற காட்டேரிக நெம்ப இருக்கும்னு பேச்சு. அன்னைக்கே மூட்டை கட்டிப் பக்கத்து நாட்டுக்குப் போயிருச்சுக. பாவம், ஒண்ணு கெழடு, நடக்க முடியல. நான்தான் பஸ் ஏத்திவுட்டேன்."

"ஏண்ணா, பஸ்ஸுல அது யாரைக் கடிச்சுச்சு?" என்று எரிச்சலில் கேட்டுவிட்டேன்.

"கண்டக்டரை அம்மணி. சில்லறை தரலைன்னு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் தடுக்கத் தடுக்க அவர் இன்னொரு மாடி கட்டுகிறார். முதலாளியும் சேர்ந்து படியேறுகிறார். சந்தேகப்பட்டு இவரை ஜெயிக்க முடியாது. நம்பித்தான் பார்க்கவேண்டும்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அப்புறம் சொல்லுங்கண்ணா," என்றேன். மாஸ்டர் என்னைக் கட்சி மாறியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"புதுமாதிரிக் கடைக்குப் போனனுங்க. தட்டு மாட்டு வண்டிச் சக்கரமாட்டம். நடுவுல சாப்பாடு கடுகளவு. முட்டைக்கோஸ் எலையில அரிசியும் கறியும் வெச்சுச் சுருட்டி வேக வெப்பாங்க, சார்மாலேன்னு பேரு. பழைய கடையில அது முழங்கை நீளம். இங்க ஒரே ஒரு அரிசிய, எலை நரம்புல சுருட்டி வெச்சிருக்கறாங்க. எனக்குத் தும்மல் வந்துருச்சு. சாப்பாட்டக் காணோம். லைட்டு போட்டுத் தேடறாங்க. கடைசியில பக்கத்து மேசைப் பொம்பள கண்ணிமையில ஒட்டியிருந்துச்சு. 'மன்னிச்சுக்கோங்க தாயி'ன்னு எடுத்துத் தின்னுட்டனுங்க."

"வயிறு நிறைஞ்சுதாண்ணா?" என்றேன் பரிதாபமாக.

"எங்க நெறையறது? இன்னொண்ணு கொண்டாங்கன்னேன். சமையக்காரரு ஓடி வந்து என்ற கையப் புடிச்சு அழுதாரு. கடை தொறந்த நாள்லருந்து ஒருத்தருகூட அவருகிட்ட ரெண்டாந்தடவ கேட்டதில்லையாமா. சந்தோசத்துல அள்ளி அள்ளிக் கொண்டாந்தாரு. கண்ணாடி மூடிக்குள்ள புகை வெச்சுக் குடுத்தாரு, புகையக் கரண்டில அள்ளிச் சாப்பிட்டேன். சமையக்கட்டு காலியானதும் நாளைக்குச் செய்யப்போற பலகாரத்தோட வாசத்த மட்டும் ஒரு கிண்ணத்துல குடுத்தாரு. அதையும் வழிச்சுட்டேன்."

"அப்ப அந்த ஊர்ல நீங்க சாப்பிடாத கடைன்னு ஏதாவது மிச்சம் இருக்குதாண்ணா?"

அண்ணன் ஒரு கணம் யோசித்தார். ஒன்றிரண்டை மிச்சம் வைத்திருக்கலாம். ஆனால் மிச்சம் வைப்பது அவர் ரத்தத்தில் இல்லை.

"ஒண்ணுகூட இல்ல அம்மணி! கடைசி நாளு பாப்பனாஷ்னு ஒரு பலகாரம். நம்ம உளுந்து வடையாட்டம், பாலாடைக்கட்டியில செஞ்சு, மேல க்ரீமும் பழ ஜாமும் ஊத்துவாங்க. ஊர்ல இருந்த அத்தனையும் முடிஞ்சுது. மாடுக கறக்க மாட்டேன்னு ஸ்ட்ரைக்கு. மேயரு ஏர்ப்போர்ட்டு வரைக்கும் வந்தாரு. ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டு, 'கிட்டுசாமி, உன்னை மாதிரி ரசிகன் எங்களுக்குக் கெடைக்க மாட்டான். ஆனா தயவு பண்ணி மறுக்கா வந்துராத சாமி, ஊரு தாங்காது'ன்னாரு. இன்னைக்கும் எல்லா ஓட்டல் வாசல்லயும் என்ற போட்டோ தொங்குது. கண்டா உள்ள விடாதீங்கன்னு அடியில எழுதியிருக்குது. இந்தப் பெருமை திருப்பூர்ல எவனுக்கு இருக்குது, சொல்லுங்க?"

முதலாளி நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்.

"எல்லா ஓட்டல் வாசல்லயுமா கிட்டு?"

"எல்லாத்துலயுமுங்க!"

"உன்னைக் கண்டா உள்ள விடமாட்டாங்க?"

"சான்ஸே இல்லீங்..." அண்ணனின் வாய் பாதியில் நின்றது. அந்த வாய் பாதியில் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அப்புறம் பையரக் கூட்டிட்டு நீ எந்தக் கடைக்குப் போவ?" என்றார் முதலாளி. என் பக்கம் திரும்பினார். "தமயந்தி, உன்ற போட்டோ அங்க எங்கியாச்சும் தொங்குதா?"

"பாஸ்போர்ட்டுல ஒட்டியிருக்கறது மட்டுந்தானுங்க சார்."

"அது போதும். நீ பொறப்படு."

துரைக்கண்ணு மாஸ்டர் மெதுவாகக் கேட்டார்: "ஏப்பா கிட்டு, கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்னு சொல்லிப் பாரு. முதலாளி மனசு மாறினாலும் மாறும்."

முதலாளியும் காத்திருந்தார். ஒரே ஒரு வார்த்தை போதும், ஐரோப்பா மறுபடி அவர் கைக்குப் போய்விடும். அண்ணன் மேசைமேல் இருந்த சாம்பிள் பெட்டியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். எனக்கே பாவமாக இருந்தது.

"இல்லீங்க," என்றார். "ஒரு வார்த்தைகூடக் கூட்டல."

நான் கிளம்புகிற அன்று ஒரு நூல்கண்டைக் கொண்டுவந்து என் பையில் போட்டார். "களி வந்தா குடு அம்மணி. அவங்க நூலு தாங்காது."

போனேன். பழைய டவுனில் ஒரு கடையில் மமாலிகா கேட்டேன். பலகையில் கவிழ்த்து வைத்தார்கள். தட்டளவுதான் இருந்தது. பரிமாறிய பெண் மேலங்கிப் பையிலிருந்து ஒரு நூலை எடுத்து நிஜமாகவே அதை அறுத்தாள். நான் வாயைப் பிளந்ததைப் பார்த்த பையர் அம்மா ஏன் என்று கேட்டார். அண்ணனின் கதையை முழுதும் சொன்னேன். கழுத்துப் பட்டி வந்ததும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் புதுமாதிரிக் கடையில் கடுகளவுச் சாப்பாட்டைக் கையால் மூடிக்கொண்டு, "தும்மிவிடாதே," என்றார். ஆர்டரில் கையெழுத்துப் போட்டதும் அந்த மேசையில்தான்.

திரும்பி வந்த அன்று கட்டிங் செக்‌ஷனில் எல்லோரும் கூடிவிட்டார்கள். துரைக்கண்ணு மாஸ்டர் பென்சிலை எடுத்துக் கீழே வைத்தார்.

"ஏம்மா, இவன் போட்டோ எங்கியாச்சும் தொங்குச்சா? உண்மையச் சொல்லு."

கிட்டுசாமி அண்ணன் ஒரு பனியன் கையைப் பிடித்துத் தையல் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். தையல் போடாத கை அது.

"எல்லாக் கடையிலயும் இல்லீங்க மாஸ்டர்," என்றேன். "நாலஞ்சு கடையில மட்டுந்தான்."

அண்ணன் தலையைத் தூக்கவே இல்லை.

"மத்ததெல்லாம் மழைக்கு உள்ள எடுத்து வெச்சிருப்பாங்க அம்மணி," என்றார்.