மண் மூடிய வளையும் காவலுக்கு வந்த கீரியும்

நடுக்கடலில் வரிசையாகச் சில தீவுகள். அங்கே பனி உறையாது, பாலைவனம் போல வெயிலும் கொளுத்தாது. மழை மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் வரும். அதில் ஒரு தீவின் காட்டில் ஒரு கறுப்பு முயல் வாழ்ந்தது. நம் ஊர் முயல் மாதிரி அதற்கு நீளக் காது இல்லை. குட்டைக் காது, குட்டைக் கால், உடம்பெல்லாம் கரியைப் பூசின நிறம். அந்தத் தீவுகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் அந்த முயல் கிடையாது, பிள்ளைகளே. ஒரு ஆபத்து என்றால் ஓடிப்போக அதற்கு வேறு ஊரும் கிடையாது.

அந்த முயல் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. குட்டியை ஒரு வளைக்குள் படுக்க வைத்து, வாசலை மண்ணால் அடைத்து, முன்னங்காலால் தட்டி இறுக்கி, மேலே சருகைப் பரப்பிவிட்டுத் தாய் போய்விடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பொழுது சாய்ந்ததும் வந்து, மண்ணைத் தோண்டிப் பால் கொடுத்து, மறுபடி அடைத்துவிடும். பெற்ற பிள்ளையை இப்படிப் புதைப்பாளா ஒருத்தி என்று திட்டாதீர்கள். அந்தக் காட்டில் ஒரு விரியன் பாம்பு இருந்தது. பொழுது சாய்ந்தால் வெளியே வரும், கண்ட பொந்தில் எல்லாம் தலையை நுழைக்கும். அதற்குப் பயந்துதான் இந்த மண் கதவு.

வளை எங்கே இருக்கிறது என்று முயல் யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்தில் குடியிருந்த கானாங்கோழியிடம்கூட மூச்சு விடவில்லை. அதனிடம் சொன்னால் ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி. அது பறக்கத் தெரியாத கோழி. இறக்கைக்கு வேலை இல்லாததால் வாய்க்கு வேலை அதிகம்.

ஒரு நாள் மனிதர்கள் படகில் வந்து ஒரு கூண்டைத் திறந்துவிட்டுப் போனார்கள். அதிலிருந்து ஒரு கீரி இறங்கியது. படகுக்காரர்கள் பேசியதை ஒட்டுக்கேட்ட கானாங்கோழி காடெல்லாம் ஓடிச் சேதி சொன்னது. விரியனை ஒழிக்கத்தான் கீரி வந்திருக்கிறதாம். கீரியைப் பார்த்தாலே பாம்புக்கு ஈரக்குலை நடுங்குமாம். இனி எல்லோரும் காலை நீட்டித் தூங்கலாமாம்.

காடே கூடிக் கீரியை வரவேற்றது. அந்தத் தீவில் நாலு கால் பிராணி எதுவும் அதுவரை யாரையும் அடித்துத் தின்றதில்லை. எமன் வந்தால் தரையில் ஊர்ந்துதான் வருவான் என்று அவர்களுக்கு நினைப்பு. மெத்தென்று மயிரும் மீசையும் வைத்த விருந்தாளியைக் கண்டு யாருக்குப் பயம் வரும்? பயணம் சௌகரியமா என்று கேட்டார்கள். எங்கே படுப்பாய் என்று கேட்டார்கள். என்ன சாப்பிடுவாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

கீரி பகலெல்லாம் காட்டைச் சுற்றும். பொழுது சாய்ந்தால் சுருண்டு படுத்துவிடும். விரியனோ அதற்குப் பிறகுதான் எழுந்திருக்கும். இரண்டும் ஒன்றை ஒன்று கண்ணால் பார்த்ததுகூட இல்லை. கானாங்கோழி என்ன சொன்னது தெரியுமா? கீரிக்குப் பயந்துதான் விரியன் பகலில் தலைகாட்டுவதில்லையாம். அட மக்குக் கோழியே, அது என்றைக்குப் பகலில் வந்தது?

கொஞ்ச நாளில் கானாங்கோழி தரையில் இட்டு வைத்திருந்த முட்டைகள் காணாமல் போயின. பிறகு ஓணான்கள் குறைந்தன, தவளைகள் குறைந்தன. எல்லாம் விரியனின் வேலை என்று காடு முழுக்கப் பேச்சு. முயலின் வளைக்குள் இருந்தது ஒரே குட்டி. இன்னும் கண்கூடத் திறக்கவில்லை.

முயல் கீரியிடம் போய் நின்றது. என் குட்டிக்கு நீதான் காவல் இருக்க வேண்டும் என்று கேட்டது. கீரி பணிவாகத் தலையை ஆட்டியது.

"இருக்கிறேன் அக்கா. ஆனால் வீடு எங்கே என்று தெரியாமல் எப்படிக் காவல் இருப்பது?"

முயல் தயங்கியது. இத்தனை நல்லவரைச் சந்தேகப்படலாமா என்று கானாங்கோழி அருகில் நின்று முணுமுணுத்தது. கடைசியில், விடிந்ததும் விடியாததுமாக முயல் கீரியைக் கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்தைக் காட்டியது. காற்றில் ஒரு சருகு விலகிக் கிடந்தது. கீரி அதை எடுத்து மண்மேல் பதமாக வைத்தது. அதைப் பார்த்து முயலுக்கு மனம் நிறைந்துவிட்டது.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் மடி கனக்க முயல் பால் கொடுக்க வந்தது. வாசல் திறந்து கிடந்தது. உள்ளே, குட்டிக்கு மெத்தையாக முயல் தன் உடம்பிலிருந்து பிடுங்கிப் போட்ட மயிர் மட்டும் இருந்தது. குட்டி இல்லை.

எதிரே பெரணிச் செடியின் அடியில் விரியன் அப்போதுதான் தூக்கம் கலைந்து தலையைத் தூக்கியது. பயமெல்லாம் முயலுக்கு எங்கே போயிற்றோ, என் குட்டியைத் தின்றது நீதானே என்று நேருக்கு நேராகக் கேட்டது.

"கிடைத்திருந்தால் தின்றிருப்பேன். நான் ஒன்றும் நல்லவன் இல்லை," என்றது விரியன். "ஆனால் மண்ணைத் தோண்ட எனக்குக் கை ஏது?"

முயல் குனிந்து பார்த்தது. வாசல் மண் பின்னால் வாரி இறைக்கப்பட்டிருந்தது. அதில் நகம் கீறின கோடுகள் இருந்தன.

முயல் அங்கிருந்து கீரியைத் தேடி ஓடியது. கீரி படுக்கப் போய்க்கொண்டிருந்தது. அதன் முன்னங்கால் நகங்களில் ஈரமண் ஒட்டியிருந்தது. முயல் அதையே பார்த்துக்கொண்டு நின்றது. கீரி மறைக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை.

"பாம்பைப் பிடிக்கத்தான் அக்கா வந்தேன். அது அகப்படுகிற வரைக்கும் நான் பட்டினி கிடக்க முடியுமா?"

சொல்லிவிட்டு வாலைச் சுருட்டிக்கொண்டு தூங்கிப்போனது. பக்கத்துக் கிளையில் ஏறி உட்கார்ந்திருந்த கானாங்கோழி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. தன் முட்டைகள் போன வழியும் அதற்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு அது வாயே திறக்கவில்லை.

முயல் வளைக்குத் திரும்பி நடந்தது. மடியில் பால் கட்டி வலித்தது. சிதறிக் கிடந்த மண்ணை எல்லாம் கூட்டித் தள்ளி, வெறும் வளையின் வாசலை அடைத்தது. முன்னங்காலால் தட்டித் தட்டி இறுக்கியது. மேலே சருகைப் பரப்பியது.

நீதி: பகைவனை ஒழிக்க வந்தேன் என்பவனுக்கு வீட்டு வாசலைக் காட்டுமுன், அவன் எதைத் தின்று பிழைப்பவன் என்று கேள்.