புது வீட்டு முகவரி

கோதண்டபாணிக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவள் ஹெப்சிபா. அவருக்கு மகள் வயதுதான். ஆனாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

புருஷனின் அடிக்குத் தப்பி வந்த பெண்களுக்கான காப்பகம் அது. வீடு இருக்கும் இடம் வெளியே தெரியக்கூடாது. அலுவலகம் வேறு தெருவில். அங்கே அவர் மேனேஜர்.

அன்று காலை ஒருவன் அரிவாளோடு வீட்டு வாசலில் வந்து நின்று, "ஏ ராக்கம்மா!" என்று கத்தினான். போலீஸ் வந்து அவனைக் கொண்டுபோனது. அவன் செல்போனில், வீட்டு முகவரியும் பெண்களின் பெயர்களும் இருந்த காப்பகத்தின் ஃபோல்டர் திறந்து கிடந்தது.

"லிங்க்கை யாருக்குக் கொடுத்தீங்க?" என்றாள் ஹெப்சிபா.

"வக்கீலுக்கு மட்டும்தான் டீச்சர். தங்கமான மனுஷர்."

"அவர்?"

"குமாஸ்தாவுக்கு. குமாஸ்தா பிரிண்ட் போட ஜெராக்ஸ் கடைக்கு." குரல் இறங்கியது. "கடைக்காரன் அந்த அரிவாள்காரனுக்கு மச்சினன் முறையாம்."

"லிங்க் கிடைச்சவங்க எல்லாம் திறக்கிற மாதிரி வைக்காதீங்க, ஆளுக்கு ஆள் தனியா அனுமதி கொடுங்கன்னு தொண்டை வறளக் கத்தினேனே சார்!"

"அதையே பண்ணிட்டிருந்தா மத்த வேலையை யார் பார்க்கிறது?" அவருக்கும் எரிச்சல் வந்தது. "இப்பத்தான் ஃபோல்டரையே அழிச்சுட்டேனே. போதாதா?"

அவள் பெருமூச்சு விட்டாள். "வாங்க" என்று ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

காப்பகத்தில் பெண்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். பாதி வெந்த சோறு அடுப்பில் அப்படியே இருந்தது. "நாளைக்குக் கணக்குப் பரீட்சைம்மா" என்று ஒரு சிறுமி அழுதாள்.

ராக்கம்மா அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "என்னாலதான் எல்லாருக்கும் இந்த அலைச்சல் சார்" என்றாள்.



வார்டன் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போனாள். இருவரும் அலுவலகம் திரும்பினார்கள். கோதண்டபாணி லேப்டாப்பைத் திறந்தார்.

"புது வீட்டு முகவரியை எந்த ஃபோல்டர்ல போடட்டும் டீச்சர்?"

ஹெப்சிபா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வக்கீலுக்கு அது வேணுமா?"

"வேண்டாம். கோர்ட்டுக்கு வார்டன்தான் கூட்டிட்டு வர்றாங்க."

"டாக்டருக்கு?"

யோசித்தார். "அவரும் இங்கே வந்துதான் பார்க்கிறார். வேண்டாம்."

"உங்களுக்கு?"

கோதண்டபாணி லேப்டாப்பை மூடினார்.